90 எப்போது 100 ஆகிறது?

ஜாவாவின் ஜன்னல் நூலகமான ஸ்விங்கில் எழுதிய ஒரு பாம்பு விளையாட்டு. பாம்பு ஆப்பிளை விழுங்கியதும் நிரலுக்குள் ஸ்கோர் 90-லிருந்து 100 ஆகிவிடுகிறது. திரையில் அதைக் காட்டும் லேபிளிலோ இன்னும் 90தான். ஜாவா பழகுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. லேபிளைச் செய்யும்போதே ஸ்கோரைக் கொடுத்துவிட்டோமே, அது மாறினால் லேபிளும் மாற வேண்டாமா என்று கேட்பார்கள். ஸ்கோர் என்று ஒரு மாறி இருப்பதே லேபிளுக்குத் தெரியாது. அன்றைக்கு இருந்த மதிப்பை வைத்துச் செய்த ஒரு சரம் மட்டும்தான் அதனிடம் உண்டு. ஜாவாவில் ஒருமுறை செய்த சரத்தைத் திருத்தவும் முடியாது. ஆகவே புது 100-ஐ யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அதற்கான வழி, லேபிளின் செட்டெக்ஸ்ட்.

செட்டெக்ஸ்ட் திரையைத் தொடுவதே இல்லை. புது சரத்தை லேபிளுக்குள் வைக்கிறது, பழையதோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றேயானால் அத்தோடு சரி. வேறாக இருந்தால் இரண்டு விண்ணப்பங்கள் கிளம்புகின்றன. ரீவேலிடேட் என்பது, என் அளவு மாறியிருக்கலாம், இடத்தை மறுபடி கணக்குப் போடுங்கள் என்பது. ரீபெயின்ட் என்பது, என்னை மறுபடி வரையுங்கள் என்பது. வரையும் விண்ணப்பம் ரீபெயின்ட் மேனேஜரிடம் போகிறது. அது லேபிள் இருக்கும் செவ்வகத்தை 'அழுக்கு' என்று குறித்துக்கொண்டு, நிகழ்வு வரிசையில் ஒரு வேலையைச் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதே லேபிளுக்கு இன்னும் விண்ணப்பங்கள் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவை வரைந்துகொள்ளலாம் என்பது அதன் கணக்கு. ஒரு பொத்தானை அழுத்தியதும் ஓடும் நிரலுக்குள் 100, 110, 120 என்று மூன்று முறை எழுதினால் திரைக்கு வருவது 120 மட்டும்தான்.

இந்த வரிசையில்தான் நம் 100 மாட்டிக்கொள்கிறது. விசை அழுத்தல், சுட்டியின் அசைவு, டைமர், வரைதல் எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். எல்லாவற்றையும் கவனிக்க ஒரே கவுன்ட்டர், ஒரே ஊழியர்: ஈவென்ட் டிஸ்பேட்ச் த்ரெட். 3, 2, 1 என்று கவுன்ட்டவுன் காட்ட விரும்பி, பொத்தானுக்கான நிரலிலேயே த்ரெட்.ஸ்லீப் போட்டால் தூங்குவது அந்த ஒரே ஊழியர். மூன்று விநாடி ஜன்னல் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு கடைசி எண் மட்டும் வந்து விழும். எண்கள் எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டன, வரையத்தான் ஆளில்லை.

ஏன் ஒரே த்ரெட்? 1996-ல் முதல் ஜாவாவோடு வந்த ஏடபிள்யூடி நூலகத்தில் லேபிள் என்பது விண்டோஸோ சோலாரிஸோ தரும் சொந்த லேபிள்தான். ஜாவா சரத்தை அதனிடம் ஒப்படைப்பதோடு சரி. 1998 டிசம்பரில் ஜேடிகே 1.2-ஓடு ஸ்விங் வந்தபோது ஒவ்வோர் எழுத்தையும் ஜாவாவே வரையத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எந்த த்ரெட்டிலிருந்தும் லேபிளைத் தொடலாம் என்று விட்டால், மேலிருந்து நிரலின் ஆணைகளும் கீழிருந்து இயங்குதளத்தின் நிகழ்வுகளும் எதிரெதிர் திசையில் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். பல த்ரெட்டில் இயங்கும் ஜன்னல் நூலகம் கைகூடாத கனவு என்று சன் நிறுவனத்தின் கிரஹாம் ஹாமில்டன் 2004-ல் எழுதினார். எழுத்துப்பெட்டியான ஜேடெக்ஸ்ட்ஏரியாவில் எழுத்தைச் சேர்க்கும் அப்பென்ட் எந்த த்ரெட்டிலும் பத்திரம் என்று ஆவணத்தில் நெடுநாள் இருந்தது. ஜாவா 7-ல் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். சரியான காரியம் என்பேன்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் விளையாடும்போது தெரியும் எழுத்து ஸ்விங் வழியாக வருவதில்லை. ஆனால் அதன் சர்வரோடு திறக்கும் சிறு ஜன்னல் ஸ்விங்தான். உலகம் விநாடிக்கு 20 துடிப்பு என்ற கணக்கில் தனி த்ரெட்டில் ஓடுகிறது. அங்கே பிறக்கும் பதிவு வரிகள், வேலையை நிகழ்வு வரிசையில் சேர்க்கும் இன்வோக்லேட்டர் வழியாகத்தான் ஜன்னலுக்கு வர முடியும்.

சரி, நம் 100-இன் முறை வந்துவிட்டது. வரைவதற்கு முன்னால் இடம் போதுமா என்று அளக்கிறார்கள். இடத்தைக் கணக்குப் போடும் லேஅவுட் மேனேஜரை நீக்கிவிட்டு, செட்பவுண்ட்ஸ் கொண்டு 90-க்குக் கச்சிதமாக அகலம் வைத்திருந்தால் இங்கே பிடிபடும். மூன்றாவது இலக்கத்துக்கு இடமில்லாததால் எண்ணுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள் நிற்கும். இடம் இருந்தால் எழுத்துருவிலிருந்து வடிவங்கள் வருகின்றன. ஒருமுறை வரைந்த வடிவத்தை ஜாவா சேமித்து வைப்பதால், 90-க்காக வரைந்த 0 இப்போது இரண்டு தடவை உதவுகிறது. அதே லேபிளில் தமிழில் 'புள்ளி' என்று இருந்தால் வேலை கூடும். நினைவகத்தில் அது ஆறு குறிகள். திரையில் பு, ள், ளி என மூன்று எழுத்துகள். இந்தக் கோர்வையைச் செய்யும் பொறுப்பு ஜேடிகே 9 முதல் ஹார்ஃப்பஸ் எஞ்சினிடம் இருக்கிறது.

வரைந்ததும் நேரே திரைக்குப் போவதில்லை. மறைவாக உள்ள ஒரு படத்தில் முதலில் பின்னணி, பிறகு எழுத்து என்று வரைந்து முடித்து, அந்தச் செவ்வகத்தை மொத்தமாகத் திரைக்கு நகலெடுக்கிறார்கள். எண் சிமிட்டாமல் மாறுவது இதனால்தான். 60 ஹெர்ட்ஸ் திரையென்றால் அடுத்த புதுப்பிப்புக்கு அதிகபட்சம் 17 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும்.

ஆகவே ஸ்கோர் நகரவில்லை என்றால் ரீபெயின்டை இன்னும் பத்து இடத்தில் ஒட்டாதீர்கள். செட்டெக்ஸ்ட் அதைத் தானே கேட்டுக்கொள்ளும். ஜன்னலில் சேர்த்த லேபிளையும் நீங்கள் எழுதும் லேபிளையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். வழியில் எங்கோ இன்னொரு முறை நியூ போட்டு வேறொரு லேபிளைச் செய்திருப்பீர்கள். 100 அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். லேபிள் சரி என்றால் ஸ்லீப் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதை எடுத்துவிட்டு ஸ்விங்கின் சொந்த டைமரைப் போடுங்கள்.