காலையுணவு (தமிழகம்)

துயிலெழுந்தபின் மனிதர் உட்கொள்ளும் முதல் ஆகாரம் காலையுணவு. தமிழகத்தில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய மாத்திரத்தில் இட்டிலியும் தோசையும் பொங்கலும் வடையும், அவற்றோடு காப்பியும் நினைவில் எழுவதால், இவற்றையே இந்நாட்டு மக்கள் யாவரும் ஆதிகாலந்தொட்டு நாள்தோறும் உண்டு வந்தனர் என்று கருதுவோர் பலர் உளர். சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டிப் புதிதாக ஒரு பதார்த்தம் சமைத்து உண்பது மிக அண்மைக்காலம் வரையில் செல்வர்க்கும் ஆலயங்களுக்கும் பண்டிகை நாட்களுக்கும் உரிய விசேஷமாகவே இருந்தது. ஏனைய நாட்களில் ஏனைய மக்கள் யாவரும் முதல் நாள் இரவு மிஞ்சியதையே காலையில் உண்டனர்.

இவ்வழக்கத்தின் தொன்மைக்குச் சங்க நூல்களே சான்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், மருத நிலத்து உழவரின் சிறுவர்கள் பழஞ்சோற்றை உண்டு உண்டு சலித்து, வயல் வரப்பில் புதிதாக வேய்ந்த குடிலின் முன்றிலில் நெல்லை அவலாக இடிக்கும் காட்சி வருகிறது. நெல் விளையும் வளநாட்டிலும் சிறுவர் சலிக்கும் அளவுக்குப் பழஞ்சோறு நித்திய உணவாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. பலகாரங்களை அக்காலத்தார் அறியாமலும் இல்லை. மதுரைக்காஞ்சியில், தேனடை போன்ற மெல்லிய அடைகளையும் பூரணம் பொதிந்த மோதகங்களையும் விற்கும் கூவியர் என்னும் வணிகர் இரவு முதிர்ந்த வேளையில் கடையில் இருந்தபடியே உறங்கி விழுகின்றனர். ஆனால் அவை நகரத்து அங்காடியில் காசு கொடுத்து வாங்கும் சிறப்புப் பண்டங்கள். ஏர் பிடிப்பவன் வீட்டில் பொழுது விடிந்ததும் கிடைப்பவை அல்ல.

பழையது என்று வழங்கும் இந்த உணவைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் ஈராயிரம் ஆண்டுக் காலம் தமிழரின் உழைப்பைத் தாங்கியது இதுவேயாயினும், சமையலைப் பற்றி எழுதுவோர் இதற்கு ஒரு வரிக்கு மேல் அளிப்பதில்லை. இரவு உணவுக்குப்பின் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், வெப்பநாட்டு இரவில் நுண்ணுயிர்கள் பெருகி அதை மெல்லப் புளிக்கச் செய்கின்றன. சோறு கெடாமல் காக்கப்படுவதோடு, இனிய புளிப்பும் குளிர்ச்சியும் பெறுகிறது. வடித்த நீர் நீராகாரம். விடியலில் அதை உப்பிட்டு அருந்திவிட்டு உழவர் வயலுக்குச் செல்வர். வெயில் ஏறியபின் வீட்டுப் பெண்டிர் கலயத்தில் சோற்றைச் சுமந்து சென்று வரப்பில் வைப்பர். அதற்குத் துணை, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும், அல்லது மோர்மிளகாய், மாவடு, சுட்ட கருவாடு, முதல் நாள் குழம்பைச் சுண்டவைத்த சுண்டக்கறி இவற்றுள் ஒன்று. தஞ்சைப் பகுதியின் செல்வக் குடும்பங்களிலும் குழந்தைகளுக்குக் காலையில் பழையதில் தயிர் பிசைந்து கையில் இட்டு ஊட்டும் வழக்கம் இருந்ததாகையால், இதை ஏழைகளுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்குவது பிழையாகும்.

காவிரியும் தாமிரபரணியும் பாயாத மேட்டு நிலங்களில் நெல்லுச்சோறே அரிது. கொங்கு நாட்டிலும், வட ஆர்க்காட்டிலும், மதுரைக்குத் தெற்கேயுள்ள கரிசல் பூமியிலும் கம்பு, சோளம், கேழ்வரகு ஆகிய தானியங்களே ஜீவனாதாரமாக இருந்தன. கம்பை இடித்து மாவாக்கிப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழையும், இரவில் கிண்டிய களியை நீரில் இட்டு வைத்து மறுநாள் மோரில் கரைத்ததையும் அந்நாட்டு மக்கள் காலையில் அருந்தினர். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் இன்றும் கூழ் வார்க்கின்றனர். அன்றாட உணவே அங்கே தெய்வத்தின் பிரசாதம் ஆகிறது.

இனி இட்டிலியின் வரலாறு. அதன் பெயரை ஒத்த சொல் முதன்முதலில் எழுத்தில் காணப்படுவது தமிழில் அன்று, கன்னடத்தில். பத்தாம் நூற்றாண்டில் சிவகோட்டியாசாரியர் இயற்றிய வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ என வருகிறது. 1025-ஐ ஒட்டி இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம் அதன் செய்முறையைக் கூறுகிறது. 1130-ஐ ஒட்டி மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் ‘இட்டரிகா’ என்று அதைக் குறித்து, தோசையையும் உடன் குறிப்பிடுகிறது. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா இந்நூல்களை ஆராய்ந்து, பழைய இட்டலிகெ உளுந்தினால் மட்டுமே ஆனது என்றும், அரிசியைச் சேர்ப்பதும், மாவை நெடுநேரம் புளிக்கவைப்பதும், ஆவியில் வேகவைப்பதும் ஆகிய மூன்றும் பிற்காலத்தில் வந்தவை என்றும் முடிவு செய்தார். புளிக்கவைத்தல், ஆவியில் அவித்தல் என்னும் முறைகள் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்திருத்தல் கூடும் என்பது அவருடைய ஊகம். அவ்வூகத்தை நம்மால் ஏற்க இயலவில்லை. சோற்றைத் தினந்தோறும் பானையில் புளிக்கவைத்து உண்ட மக்கள், நீர் நிறைந்த பானையின் வாயில் துணி கட்டி மாவை அவிக்கும் உபாயத்துக்கும் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது என்று நம்புவதற்கு வலுவான ஆதாரம் தேவை.

தமிழ்நாட்டிலும் அதை அடுத்த பிரதேசங்களிலும் இட்டிலியும் தோசையும் முதலில் நிலைபெற்ற இடம் கோயில் மடைப்பள்ளி. விஜயநகர மன்னர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள், வேங்கடேசப் பெருமானுக்குப் படைக்க அப்பம், வடை, அதிரசம், இட்டிலி முதலியவற்றுக்குப் படித்தரம் ஏற்படுத்தியதைக் குறிக்கின்றன. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி வார்த்து, நெடுநேரம் அவித்து நைவேத்தியம் செய்வர். மதுரைக்கு அருகேயுள்ள அழகர்கோயிலில் நெய்யில் வெந்த தடித்த தோசை பிரசித்தம். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன் நம் பலகாரங்களுக்குக் காரம் எவ்வாறு ஊட்டப்பட்டது என்பதை அறிய விரும்புவோர், இக்கோயில்களின் பிரசாதத்தை ஒரு முறை உண்டு பார்த்தல் தகும்.

கோயிலுக்கு வெளியே, கூலியாட்களின் கைக்கு எட்டிய சுடுபலகாரம் பிட்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், வந்தி என்னும் முதியவள் பிட்டு விற்றுப் பிழைக்கிறாள். வைகைக் கரையை அடைக்கத் தனக்குரிய பங்கைச் செய்ய ஆள் இல்லாத அவளிடம் சிவபெருமான் உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று மண் சுமக்கிறார். ஆவணி மூலத்தில் மதுரையில் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. நாஞ்சில் நாட்டில் பயறும் பப்படமும் சேர்த்துப் பிட்டு உண்பது காலை வழக்கம். யாழ்ப்பாணத்தில் பிட்டும், சொதியுடன் இடியப்பமும் காலையிலும் இரவிலும் வீட்டு உணவாக இருந்து வருகின்றன. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிலும் அங்கே பிட்டு அவிப்பர். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரோ கோதுமைமா ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் உண்டு மலையேறினர்.

காப்பி வந்ததும் காலையின் தோற்றமே மாறியது. நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிரான காப்பி நெடுங்காலம் ஏற்றுமதிப் பொருளாகவே இருந்து, அந்நூற்றாண்டின் இறுதியில்தான் நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் புகுந்தது. நீராகாரத்தின் இடத்தைப் பித்தளை டவரா-டம்ளர் பிடித்துக்கொண்டது. உடலுக்குத் தீங்கென்றும், குலாசாரத்துக்கு இழுக்கென்றும் பெரியோர் கண்டித்தனர், கண்டனம் பலிக்கவில்லை. ஆயினும் காப்பியோடு பலகாரமும் காலையில் உடனே வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. பத்து மணிக்குக் கச்சேரிக்கும் பள்ளிக்கும் செல்லவேண்டிய சென்னைக் குடும்பங்கள் ஒன்பது மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டன. இட்டிலி, அடை, உப்புமா முதலியவை பிற்பகல் மூன்று மணிச் சிற்றுண்டியாகவே இருந்தன.

அவற்றைக் காலை வேளைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதில் பெரும்பங்கு உணவுச்சாலைகளுக்கு உரியது. ரயில்வே நிலையங்களிலும், ஆலைகள் எழுந்த ஊர்களிலும், தனியாக வந்து தங்கிய குமாஸ்தாக்களுக்கும் மாணாக்கர்க்கும் விடியலில் ஆகாரம் தேவைப்பட்டது. அத்தேவையைக் காப்பி கிளப்புகளும், உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்திய ஓட்டல்களும் நிறைவேற்றின. அவர்களுள் கே. கிருஷ்ண ராவ், சமையற்கட்டில் எளிய வேலையாளாகத் தொடங்கி, 1930களின் இறுதியில் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவியவர். இட்டிலி, சாம்பார், சட்டினி என்னும் சேர்க்கையும், உருளைக்கிழங்கு மசாலா தோசையும் ஊர்தோறும் ஒரே தன்மையாகப் பரவியது இவ்வகை ஸ்தாபனங்களாலேயே. ஆனால் இக்கூடங்களில் பலவற்றில் பிராமணர்க்கு வேறிடம், பிறர்க்கு வேறிடம் என்ற பேதமும், தாழ்த்தப்பட்டோர்க்கு நுழைவு மறுப்பும் இருந்தன. 1957-இல் பெரியார் ஈ. வெ. இராமசாமியின் திராவிடர் கழகம், ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை அகற்றக் கோரிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் முன் மறியல் நடத்திற்று, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே இட்டிலியை உண்ணும் இன்றைய நிலை, தானாக வந்ததன்று.

இரண்டாம் உலக யுத்தமும் காலையுணவில் தன் தடத்தைப் பதித்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், சென்னை மாகாணம் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு மாற்றாகக் கோதுமையும் ரவையும் தமிழர் அடுக்களையில் இடம்பெற்றன. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் நிறுவனத்தார் ரவா இட்டிலியைச் செய்யத் தொடங்கியது அந்த அரிசிப் பஞ்சத்தின்போதே. உப்புமாவும் பூரியும் சப்பாத்தியும் பொதுவழக்கமானதும் அப்பஞ்ச காலத்தை ஒட்டியே.

இவ்வளவு இருந்தும், வீட்டில் நாள்தோறும் இட்டிலி அவிப்பதற்குத் தடையாக இருந்தது பெண்களின் உடலுழைப்பு. ஊறிய அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஆட்டுக்கல்லில் ஆட்டுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். உளுந்து பொங்கப் பொங்க அரைபட்டாலன்றி, லூக்கனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் இரவில் வெளியிடும் வாயுவை மாவு தன்னுள் பிடித்துவைக்காது. இட்டிலியும் மென்மை அடையாது. பகலெல்லாம் களையெடுத்தோ நாற்று நட்டோ திரும்பும் ஒருத்திக்கு அத்தனை வலிமையும் அவகாசமும் ஏது? தீபாவளிக்கு மட்டுமே இட்டிலியைக் கண்ட கிராமத்துச் சிறுவர்களின் நினைவுகள் பலராலும் எழுதப்பட்டிருப்பதன் காரணம் வறுமை மட்டுமன்று, இந்த ஆட்டுக்கல்லுமேயாகும். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பார் மின்விசையால் இயங்கும் மாவாட்டும் இயந்திரத்தை அமைத்தார். முதலில் உணவுச்சாலைகளிலும், பின்னர் கூலிக்கு மாவாட்டித் தரும் கடைகளிலும், இறுதியில் வீடுகளிலும் அது புகுந்தது. புலவர் பாடாத அந்த இயந்திரம், தமிழ்ப்பெண்களின் தோளிலிருந்து இறக்கிய பாரத்தை எந்தச் சீர்திருத்தப் பிரசங்கமும் இறக்கவில்லை. குளிர்பதனப்பெட்டி பரவியபின் ஒரு நாள் அரைத்த மாவு பல நாட்களுக்கு உதவிற்று. காலையில் இட்டிலி, மறுநாள் தோசை, மாவு மிகப் புளித்தால் ஊத்தப்பம் அல்லது பணியாரம் என்பது வீட்டு நியதியாயிற்று.

காலையில் வயிறு நிரம்புதல் அரசின் கடமையுமாகும் என்ற கொள்கை பிறகு வலுப்பெற்றது. 1956-இல் காமராசர் காலத்தில் விரிவாகத் தொடங்கிய பள்ளி உணவு மதிய வேளைக்குரியது. காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்து பிற்பகல் வரை காத்திருந்த குழந்தைகளின் நிலை கவனிக்கப்படாமலே இருந்தது. 2013-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற அம்மா உணவகங்கள் ஓர் இட்டிலியை ஒரு ரூபாய்க்கு அளித்து, கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் விடியலில் புறப்படுவோரின் பசியை ஆற்றின. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றைச் சாம்பாருடன் வழங்கியது. அது 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.