ஒரு புத்தகம், மூன்று கேள்விகள்

பூந்தமல்லியில் பஸ் ஏறி மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போயிருக்கிறீர்களா? மாங்காட்டில் பாதிக் கூட்டம் அம்மனைப் பார்க்க இறங்கிவிடும். மீதிக் கூட்டம் குன்றத்தூர் மலைமேல் இருக்கும் முருகனுக்கு. அதே ஊரில் இன்னொரு பெரிய மனிதரும் இருக்கிறார். அவரைத் தேடி வருகிறவர்கள்தான் கம்மி. பெரிய புராணம் பாடிய சேக்கிழாருக்குச் சொந்த ஊர் இந்தக் குன்றத்தூர்தான்!

அவர் கதையைச் சொல்வதற்கு முன்னால், வேறொருவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அவருக்குப் பின்னாலும் ஒருவர் காத்திருக்கிறார். மூன்று பேரும் வெவ்வேறு காலம். ஆனால் மூவரையும் உசுப்பிவிட்டது அடுத்தவர் கேட்ட ஒரு கேள்வி. மூன்று கேள்விகளிலும் ஒரே புத்தகம் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதுதான் சீவக சிந்தாமணி.

முதல் ஆள், அதைப் பாடிய திருத்தக்க தேவர். சமண முனிவர். சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையவர் என்கிறார்கள். அவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை உண்டு. மதுரையில் புலவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சீண்டினார்களாம். 'உங்க ஆட்களுக்குத் துறவறம் பாடத்தான் வரும். காதல், கல்யாணம், இன்பம் இதெல்லாம் உங்களால் பாட முடியுமா?' என்று!

தேவர் அங்கே வாக்குவாதம் பண்ணவில்லை. நேராகக் குருவிடம் போய் அனுமதி கேட்டார். குருவுக்கும் சந்தேகம். அந்தப் பக்கமாக ஓடிய ஒரு நரியைக் காட்டி, 'முதலில் இதைப் பாடு, பார்க்கலாம்' என்றாராம். பிறந்தது நரிவிருத்தம். அதன் பிறகுதான் சிந்தாமணிக்கு அனுமதி கிடைத்தது.

சீவகன் என்ற அரசகுமாரன் எட்டுப் பெண்களை மணக்கிறான். ராஜ்யத்தை மீட்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவு போகிறான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். 'மணநூல்' என்றே இதற்கு இன்னொரு பெயர். படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் சந்தேகம் அத்தோடு விட்டதா? 'இன்பத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பாடுகிறவர் நிஜமாகவே துறவிதானா?' என்று அடுத்ததாகக் கிளம்பியது! பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தன் ஒழுக்கத்தை நிரூபித்தார் என்று கதை முடிகிறது.

கதைதான், சாசனம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'முடியாது' என்றவர்களுக்கு முடித்துக் காட்டினால், 'எப்படி முடிந்தது?' என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே அவர்கள் வாயை அடைப்பதற்காக மட்டும் ஒரு வேலையில் இறங்காதீர்கள். அது அடையவே அடையாது!

இப்போது குன்றத்தூருக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டு. அனபாய சோழன் ஆட்சி. அவன் இரண்டாம் குலோத்துங்கன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. சேக்கிழார் அவனிடம் அமைச்சர். இயற்பெயர் அருண்மொழித்தேவர். அரசனுக்கோ சிந்தாமணி என்றால் உயிர். சைவரான அமைச்சருக்கு இது பிடிக்கவில்லை. இந்தக் கதையில் மயங்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். சேக்கிழார் புராணம் சொல்கிற சம்பவம் இது. சரி, அப்படியானால் நல்ல கதை எது என்று அரசன் கேட்டான்.

நியாயமான கேள்விதானே? ஒன்றைக் குறை சொல்வது சுலபம். 'இதைவிட நல்லது எங்கே, காட்டு' என்று கேட்டால்தான் கைகால் உதறும். சேக்கிழார் கையில் அப்போது என்ன இருந்தது? அடியார்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் சுந்தரரின் ஒரு பதிகம். அதைக் கொஞ்சம் விரித்த நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி. அவ்வளவுதான். சிதம்பரத்தில் போய் உட்கார்ந்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களோடு எழுந்தார்!

அதில் வருகிற ஒருவரை ஆவடிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவடிக்கு மேற்கே ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளித் திருநின்றவூர். அந்த ஊர்ப் பூசலாருக்குச் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. எங்கெங்கோ அலைந்தார். பணம் புரளவில்லை. சரியென்று மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரம், விமானம், சுதை வேலை, மதில், கிணறு, குளம்... ஒன்றையும் விடவில்லை. நல்ல நாள் பார்த்துக் குடமுழுக்குக்குத் தேதியும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். கனவில் வந்த இறைவன், 'நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்று சொல்ல, அரசன் அலறியடித்துத் திருநின்றவூர் வந்தான். 'பூசலார் கட்டிய கோயில் எங்கே?' என்று கேட்டான். ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவர் இங்கே கோயில் எதுவும் கட்டவில்லையே என்றார்கள்!

கண்ணுக்குத் தெரிகிறவரை ஊருக்கு அது 'ஒன்றுமில்லை'தான். வெறும் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு காவியம் கட்டிய சேக்கிழாருக்கு, பூசலாரின் அந்தத் தனிமை நன்றாகவே புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ஆளுக்குப் புராணம் தேவையில்லை, அவரே எழுதி வைத்திருக்கிறார். 1880 அக்டோபர், கும்பகோணம். கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கு வயசு 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முன்சீப். இவர் உற்சாகமாக அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். எதிரில் இருந்தவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டார்! சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? எதற்கும் இவரிடம் பதில் இல்லை.

உங்களுக்கும் எனக்கும் இப்படி நடந்திருந்தால் என்ன பண்ணியிருப்போம்? 'கோர்ட் வேலை பார்க்கிறவருக்குத் தமிழ் என்ன தெரியும்' என்று வீட்டில் வந்து பொருமியிருப்போம். இவரோ அந்த மனிதரிடமே திரும்பத் திரும்பப் போனார். முதலியாரும் கேள்வியோடு நிறுத்தவில்லை. தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

படித்தால் புரியவில்லை. சமண நூல் என்பதே பிறகுதான் தெரிந்தது. கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடம் கேட்டார். ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார். 1887ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை. அன்று முன்சீப் கேட்ட மூன்று நூல்களுக்கும் பதினெட்டு வருஷத்தில் பதில் வந்துவிட்டது!

மூன்று கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரைப் புலவர்கள் கேட்டது ஏளனம். அனபாயன் கேட்டது, மாற்று எங்கே என்ற சவால். முதலியார் கேட்டது உண்மை. உ.வே.சா. நிஜமாகவே அந்த நூல்களைப் படித்திருக்கவில்லை. கேட்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் வலித்திருக்கும். ஏளனம் செய்த புலவர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. இராமசுவாமி முதலியாரை உ.வே.சா. கடைசிவரை மறக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்து ராத்திரியில் கதை எழுதுகிறவராக இருக்கலாம் நீங்கள். குறும்படக் கனவோடு திரிகிறவராக இருக்கலாம். 'உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?' என்று நாளைக்கே யாராவது கேட்பார்கள். கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் தூங்கப்போகும் முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்... அவர் கேட்டது வெறும் ஏளனமா, அல்லது நாம் இன்னும் படிக்காத ஒரு புத்தகத்தின் பெயரா?

கடைசியாக ஒன்று. எந்தச் சமண நூல் வேண்டாம் என்று சேக்கிழார் புறப்பட்டாரோ, அதே நூலை எழுநூறு வருஷம் கழித்துத் தேடி அச்சேற்றியவர் சைவ மடத்தில் தமிழ் படித்த ஒருவர். இன்றைக்கு சிந்தாமணியும் பெரிய புராணமும் லைப்ரரியில் ஒரே அலமாரியில் இருக்கின்றன.