கழற்றி மாட்டும் வழக்கம்

மேசைக் கணினியின் பாகங்களை மாற்றிப் புதுப்பிக்கும் வழக்கத்துக்குச் சிக்கனமே காரணம் என்று தோன்றும். ஆனால் அதைச் சாத்தியமாக்கியவை பொதுத் தரங்கள். 1981இல் ஐபிஎம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில் ஐந்து விரிவாக்க ஸ்லாட்டுகள் இருந்தன. அதன் சுற்று வரைபடங்களையும் ஐபிஎம் கையேட்டில் அச்சிட்டதால், பிற நிறுவனங்களும் பொருத்தமான கார்டுகளைச் செய்ய முடிந்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ், மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் ஒழுங்குபடுத்தியது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கி அசெம்பிள் செய்யும் தொழில் தழைத்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

இன்று ப்ராசஸரை மாற்றப்போனால் போர்டையும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது, புதுக் கணினியே வாங்கிவிடலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இந்தச் சிக்கல் புதிதல்ல. 1997இல் இன்டெலின் பென்டியம் 2 ப்ராசஸர் ஸ்லாட் 1 வடிவில் வந்தபோது, பழைய சாக்கெட் 7 போர்டுகளில் அதைப் பொருத்த வழியில்லை. மாறாக, 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் ப்ராசஸர்கள் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்டுக்கு, 2022இல் அந்நிறுவனம் 5800எக்ஸ்3டி ப்ராசஸரைத் தந்தது. பயாஸைப் புதுப்பித்தால் பல பழைய போர்டுகளே போதும். சாட்டா இணைப்புள்ள பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினாலே வேகம் கண்கூடாகத் தெரியும். ஆகவே கணினியின் வயதைப் பார்ப்பதைவிட, மாற்றவிருக்கும் பாகத்தின் தரம் இன்னும் புழக்கத்தில் உள்ளதா என்று பார்ப்பதே சரி. உள்ளதென்றால், புதுப்பிப்பது இன்றும் லாபமே.