புரவலர் இல்லத்திலிருந்து பொது நிறுவனத்திற்கு: சென்னையில் கணித அறிவியல் ஆய்வு (1912–1962)

ஆய்வுச்சுருக்கம்

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் தோற்றத்தை, அதற்கு முந்தைய இரு நிகழ்வுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையில் குறைவாயிருந்தது அறிவாற்றல் அன்று, அவ்வாற்றலைத் தனிமனிதர் தயவிலிருந்து விடுவித்து நிலைநிறுத்தும் அமைப்பே என்பது இதன் கருதுகோளாகும்.

முன்னுரை

தென்சென்னையின் ஆய்வு நிறுவனங்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் அரசுத் திட்டமிடலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1948இல் அடையாற்றில் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற்குத் தோல் தொழிலின் தேவை காரணமாயிற்று. 1959இல் கிண்டி வனப்பகுதியில் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு மேற்கு ஜெர்மனியின் உதவி துணைநின்றது. ஆனால் கணிதத்திற்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் இத்தகைய தொழில்துறைத் தேவையோ வெளிநாட்டு உதவியோ வாய்க்கவில்லை. அவை வேறு வழியில் வேரூன்ற வேண்டியிருந்தன.

தனிமனித ஆதரவு

சீனிவாச இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அதற்கு முன் அவரது வாழ்க்கை, நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவின் பொருளுதவியால் நடந்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித்தொகை வழங்கிய பின்னரே கணிதம் அவருக்கு முழுநேரப் பணியாயிற்று. மறு ஆண்டே அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அவரைத் தாங்கியவை சில நல்லுள்ளங்களும் ஒரு சிறப்பு ஏற்பாடுமே. அவருக்குப் பின் வருவோர்க்கெனப் பதவி எதுவும் அதனால் உருவாகவில்லை.

வள்ளன்மையும் அதன் எல்லையும்

இக்குறையை நீக்க முனைந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1950இல் அவர் தம் கொடையால் இராமானுசன் பெயரில் கணித நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தோற்றுவித்தார். கணித அறிஞர் தி. விஜயராகவன் அதன் இயக்குநரானார். எனினும் 1955இல் விஜயராகவனும் 1957இல் அழகப்பரும் மறைந்தனர். நிதி நெருக்கடியால் நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். அதன் பயனாக 1957இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. கொடையாளரின் வாழ்நாளே நிறுவனத்தின் வாழ்நாளாகிவிடும் இடர் இங்கு வெளிப்பட்டது.

மயிலாப்பூர்க் கருத்தரங்கு

அரசமைப்புச் சட்ட வரைவுக்குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் மகன் அல்லாடி இராமகிருஷ்ணன், 1957–58இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் தங்கியிருந்தார். அன்றாடக் கருத்தரங்குகளின் வழியே அங்குக் கோட்பாட்டு இயற்பியல் வளர்வதைக் கண்டு திரும்பிய அவர், லஸ் பகுதியிலிருந்த தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் அத்தகைய கருத்தரங்கைத் தொடங்கினார். பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் அங்குக் கூடிப் புத்தம்புதிய ஆய்வுரைகளைப் படித்து விவாதித்தனர். பாமதி, டி. கே. ராதா ஆகிய பெண்களும் அக்குழுவில் இருந்தனர் என்பது கருதத்தக்கது. 1960 சனவரியில் சென்னை வந்த நீல்ஸ் போர், பின்னர்ச் செய்தியாளரிடம் இச்சிறு குழுவைப் பாராட்டிப் பேசினார்.

இப்பாராட்டை அரசின் முடிவாக மாற்றியவர் மாநிலக் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம். அவரது முயற்சியால் 1961 அக்டோபரில் அம்மாணவர்கள் நேருவைச் சந்தித்தனர். மூன்று திங்களுக்குள், 1962 சனவரி 3ஆம் நாள், மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. தொடங்கி வைத்தவர் சந்திரசேகர். அதே கல்லூரியில் பயின்று, 1930இல் உயராய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றவர் அவர்.

மதிப்பீடு

இல்லக் கருத்தரங்கின் வெற்றியைப் போற்றும்போது அதன் வரம்பையும் நோக்க வேண்டும். விசாலமான வீடும், அமைச்சர் வரை எட்டும் குடும்பச் செல்வாக்கும் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பன அல்ல. ஓர் இல்லத்தின் வாயில் அழைக்கப்பட்டவர்க்கே திறக்கும். பொது நிறுவனமோ விண்ணப்பம், தேர்வு, உதவித்தொகை என்னும் முறைமைகளால் அறிமுகமற்றவர்க்கும் இடமளிக்கக் கடமைப்பட்டது.

நிறுவனம் உருவானதால் வெளிநாடு செல்லுதல் நின்றுவிடவும் இல்லை. கருத்தரங்கு மாணவரான ஏ. பி. பாலச்சந்திரன் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ராதா பிரின்ஸ்டன் சென்று, பின் கனடாவில் குடியேறினார். ஆயினும் சென்றவர் இடத்தில் அடுத்தவர் அமர ஓர் இருக்கை இங்கு எஞ்சியது. இராமானுசன் சென்ற 1914இல் அத்தகைய இருக்கை இல்லை.

முடிவுரை

இராமகிருஷ்ணன் 1983 வரை இயக்குநராயிருந்தார். அவருக்குப் பின் இ. சி. ஜார்ஜ் சுதர்சன் பொறுப்பேற்றார். தரமணியில் இன்று இயங்கும் அந்நிறுவனம் கணிதம், இயற்பியல், கணினியியல் எனப் பல துறைகளில் ஆய்வு நடத்துகிறது. தோற்றுவித்தவர் விலகிய பின்னும் தொடர்வதே நிறுவனமாதலின் அளவுகோல் எனில், 1957இல் இராமானுசன் நிறுவனம் தடுமாறிய அச்சோதனையில் இது தேறியது எனலாம். ஆகவே, ஒரு வட்டாரத்தின் அறிவியல் வளத்தை அது ஈன்ற மேதைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. புரவலர் எவரையும் அறியாத மாணவர்க்கு அது எத்தனை இருக்கைகளை உருவாக்கியது என்பதையும் ஆய்வுலகம் கணக்கிற்கொள்ள வேண்டும்.