குமாரி கமலா: மாயவரத்திலிருந்து மேடைக்கும் திரைக்கும்

நமது சங்கத்தின் எந்த ஊர்க் கிளை ஆண்டு விழாவுக்குப் போனாலும், கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு ஒரு பரதநாட்டிய உருப்படி கட்டாயம் இருக்கும். ஆடுவது நம் வீட்டுக் குழந்தை. தாத்தா, பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து பூரித்துப் போயிருப்பார்கள். பல வருஷங்களாக செகந்திராபாத் பத்மாராவ் நகரில் குடியிருக்கும் நான், இங்கும் இதைத்தான் பார்க்கிறேன். இதே குழந்தை 1925-ல் சலங்கை கட்டியிருந்தால் அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்ள எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மாறுதல் எப்படி வந்தது என்று கேட்டால் ஈ. கிருஷ்ணய்யரையும் ருக்மிணி தேவியையும் சொல்வோம். சரிதான். வக்கீலான கிருஷ்ணய்யர் தாமே பெண் வேஷமிட்டு சதிர் ஆடிக் காட்டியவர்; 1932-ல் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியுடன் பத்திரிகைகளில் வாதாடியவர். ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறில் ஆடினார். மறு வருஷம் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆனால் அடையாறு எங்கே, கும்பகோணம் எங்கே! பட்டணத்தில் ஆங்கிலம் படித்த ஒரு சிறு வட்டத்துக்கு வெளியே, அக்ரஹாரத்துத் திண்ணை வரை நாட்டியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமா என்பதே என் அபிப்பிராயம். அதில் முதல் பெயர் குமாரி கமலா.

1934 ஜூன் 16-ல் மாயவரத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பம்பாயில் லச்சு மஹராஜிடம் கதக் பயின்றார். 1943-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட 'கிஸ்மத்' ஹிந்திப் படத்தில் அவர் குழந்தை நட்சத்திரம். மகளை முறையாக பரதம் பயில்விக்க வேண்டும் என்று தாயார் சென்னைக்கு அழைத்து வந்தார். முதலில் காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளை, பிறகு வழுவூர் ராமையா பிள்ளை. வழுவூர் மாயவரத்துக்குப் பக்கத்து ஊர்தான். மாயவரத்துப் பெண்ணுக்கு பம்பாய், சென்னை எல்லாம் சுற்றிக் கடைசியில் பக்கத்து ஊர்க்காரரே குருவாக அமைந்தார்!

1947 பொங்கல் சமயத்தில் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வெளியானது. காரைக்குடியில் எடுத்த படம். நாடு விடுதலை அடைய இன்னும் ஏழு மாதம் இருந்தது. வந்தே விட்டது என்று கொண்டாடும் பாரதியார் பாட்டுக்குப் பன்னிரண்டு வயதுக் கமலா ஆட, பின்னணியில் டி.கே. பட்டம்மாள் பாடினார். பட்டம்மாளும் நம் குடும்பங்களில் வழக்கமில்லாதபடி மேடையேறிய பெண்மணி. பாட்டும் ஆட்டமும் இரண்டும் தேசபக்தியின் உடையில் வந்ததால், 'சினிமாவில் கூத்தாடுகிறாள்' என்று முணுமுணுக்க யாருக்கும் வாய் வரவில்லை. என் பெரியம்மா கும்பகோணத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, தம் பெண்ணுக்கு ஒரு வாத்தியார் தேடும்படி பெரியப்பாவை நச்சரித்த கதை எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

திரை நாட்டியத்துக்கும் மேடை நாட்டியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மேடையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இரண்டு இரண்டரை மணி நேரக் கச்சேரி. வர்ணம் மட்டுமே முக்கால் மணி நேரம் போகும். மூச்சு வாங்கினாலும் முகத்தில் தெரியக்கூடாது. சினிமாவில் நாலைந்து நிமிஷம். அதையும் துண்டு துண்டாக எடுப்பார்கள். காமிரா முகத்தருகே வந்தால் பாதம் தெரியாது, பாதத்தைக் காட்டினால் பாவம் போய்விடும். பாட்டு முன்னாலேயே பதிவாகிவிடுவதால், ஆடுபவரின் மனோதர்மத்துக்கு ஏற்ப பாடகர் ஒரு வரியைத் திரும்பப் பாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்குள் அடவு சுத்தத்தைக் காட்டுவது லேசான காரியமா? கமலா காட்டினார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் குசலகுமாரியுடன் அவர் ஆடும் போட்டி நடனத்தை இன்று யூடியூபில் பார்க்கலாம். 1959-ல் வந்த 'சிவகங்கைச் சீமை'யில் நடிகையாகவும் வருகிறார். இத்தனைக்கும் நடுவே சபாக் கச்சேரிகளை விடவில்லை. சிலைபோல் உறைந்து நிற்கும் நிலைகள், பாம்பு நடனம் ஆகிய வழுவூர் பாணியின் அடையாளங்கள் பட்டிதொட்டி வரை தெரிந்ததற்கு அவர் உடம்பின் வளைவும் சினிமாவும் காரணம்.

இதன் மறுபக்கத்தையும் நாம் பேசவேண்டும். 'நாம் இருவர்' வந்த அதே 1947-ல்தான் கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. தேவையான சட்டம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலகிய வேகத்தில் நம் பெண்கள் ஏறினார்கள். நட்டுவனார்கள் குருமார்களாக நிலைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களில் பாலசரஸ்வதி போல ஒரு சிலர்தான் தலைநிமிர்ந்து நின்றார்கள். நம் குழந்தைகளின் அரங்கேற்ற அழைப்பிதழ்களில் ஆதி சங்கரரிலிருந்து எல்லோருக்கும் நமஸ்காரம் உண்டு, அந்தப் பெண்களுக்கு ஒரு வரி கிடையாது. எனக்கு இது உறுத்துகிறது.

எங்கள் தெலுங்கு தேசத்துக் கதை வேறு தினுசு. கூச்சிப்பூடி கிராமத்தில் ஆடியவர்களே பிராமண ஆண்கள்தான்; ஸத்யபாமா வேஷமும் ஆண்தான். வேதாந்தம் ஸத்யநாராயண சர்மா பெண் வேஷத்துக்கே பெயர் பெற்று 1970-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த பாமா வேடத்தைப் பிறகு பெண்ணாகவே ஆடிப் புகழ்பெற்றவர் எங்கள் ஹைதராபாத் ஷோபா நாயுடு. சென்னையில் வேம்படி சின்ன ஸத்யத்திடம் பயின்று, இங்கே வந்து நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, 2020 அக்டோபரில் காலமானார். அவர் மேடையோடு நின்றவர். கமலா இரண்டிலும் கால் வைத்தவர்.

கமலாவுக்கு 1968-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1970-ல் பத்மபூஷண். பேபி கமலா, குமாரி கமலாவாகி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணை மணந்து கமலா லக்ஷ்மண் ஆனார். அந்த மணம் முறிந்து மறுமணத்துக்குப் பின் கமலா லக்ஷ்மிநாராயணன். அந்த நாளில் இதற்கு எத்தனை துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். 1980-ல் அமெரிக்கா சென்று நியூயார்க் பகுதியில் நாட்டியப் பள்ளி நடத்தினார். 2010-ல் அமெரிக்க அரசின் தேசிய கலைநிதியம் பாரம்பரியக் கலைஞர்களுக்கான தனது உயரிய விருதை அவருக்கு அளித்தது.

1950களில் குமாரி கமலாவின் கச்சேரியை நேரில் பார்த்த மாமா, மாமிகள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த சபா, என்ன உருப்படிகள், டிக்கெட் எவ்வளவு, பக்கவாத்தியம் யார் என்று கேட்டு எழுதி நமது இதழுக்கு அனுப்புங்கள். பழைய அழைப்பிதழோ நோட்டீஸோ பரணில் கிடந்தால் அதன் நகலும் வரட்டும்.