சவுக்கு பட்டணத்துக்கு, சருகு வீட்டுக்கு

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகிற சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பகுதியின் எரிபொருள் வரலாறு லாரியில் ஏறிப் போவதைப் பார்க்கலாம். ஒரே நீளத்தில் நறுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டின சவுக்குக் கட்டைகள். லாரி போன பிறகு அதே தோப்பில் இருந்து தலைச்சுமையாக மிளாறும் சருகும் வெளியே வரும். லாரிச் சரக்கு வெளியூருக்கு, தலைச்சுமை வீட்டு அடுப்புக்கு.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் எதை எரித்துச் சமைத்தார்கள் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். இப்போது இதற்கு 'உயிரி எரிசக்தி'ன்னு ஒரு பெரிய பெயர் இருக்கு. பெயர்தான் புதுசு, சமாச்சாரம் நம்ம பாட்டி தினமும் செய்ததுதான். குறிப்புகளைப் புரட்டும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. இங்கே விளைகிற நல்ல எரிபொருளுக்கு எப்போதுமே சக்கரம் முளைத்துவிடும். முளைக்காதது மட்டும்தான் ஊரில் தங்கும்.

திண்டிவனம் என்ற பெயரே மரத்தில் இருந்து வந்தது. திந்திரிணி என்றால் புளி. ஊர்க்கோயில் சாமி திந்திரிணீஸ்வரர். ஆனால் பிற்காலத்தில் இந்தப் பகுதிக்குக் காசு கொடுத்த மரம் புளி இல்லை, சவுக்கு. சென்னை மாகாணத்தில் 1856இல் ராயபுரத்தில் இருந்து ரயில் ஓடத் தொடங்கியது. நிலக்கரி சீமையில் இருந்து கப்பலில் வரவேண்டும், விலை கட்டுப்படி ஆகாது. அதனால் இஞ்சினுக்கு விறகு போட்டார்கள். ரயிலும் சென்னை நகரமும் சேர்ந்து விறகைத் தின்னத் தின்ன, கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. மணலில் வளரும், நாலைந்து வருஷத்தில் வெட்டலாம், பச்சையாகவே ஓரளவு எரியும். வேரில் ஒரு நுண்ணுயிர் குடியிருந்து காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் உரச்செலவும் குறைவு. 1870களில் விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் பாதை வந்தது, 1879இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்தார்கள். விறகு போவதற்கும் வழி பிறந்தது. ரயில் கரிக்கு மாறி, டீசலுக்கு மாறி, மின்சாரத்துக்கும் மாறிவிட்டது. சவுக்கு மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது சாரக்கம்பாகவும், காகித ஆலைக்கு மரக்கூழாகவும்.

சரி, ஊரில் எதை எரித்தார்கள்? சவுக்குச் சருகு, மிளாறு. மல்லாட்டைத் தோல், காய்ந்த மல்லாட்டைக் கொடி (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர், மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது). கரும்புத் தோகை. பனைமட்டை. கம்பு, சோளத்தட்டை மாட்டுக்குப் போனது போக மீதி. அப்புறம் வேலிக்காத்தான். புத்தகத்தில் சீமைக்கருவேலம் என்பார்கள். 1877 வாக்கில் மாகாணத்துக்குள் வந்த மரம். நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று அதன்மேல் புகார், 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவே போட்டது. புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிலம் இல்லாத வீட்டுக்கு, யாரையும் கேட்காமல் வெட்டிக்கொள்ளக் கிடைத்த விறகு அது ஒன்றுதான். அகற்றினால் அந்த அடுப்பில் அடுத்து எது எரியும் என்ற கேள்வி அந்தச் சமயத்து விவாதங்களில் என் கண்ணில் படவே இல்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வறட்டி. சாணியை எரிப்பதா, வயலுக்குப் போடுவதா என்பது பழைய வழக்கு. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற விவசாய வேதியியல் அறிஞரை ஆங்கில அரசு இந்தியாவுக்கு அனுப்பியது. 1893இல் வெளிவந்த அவருடைய அறிக்கை இந்த வழக்கில் எனக்குப் பிடித்த தீர்ப்பு. உழவன் அறியாமையால் சாணியை எரிக்கவில்லை, விறகு இல்லாததால் எரிக்கிறான்; விறகுக்கும் தீவனத்துக்கும் காடு ஒதுக்குங்கள் என்றார். உழவனுக்குப் புத்தி சொல்ல வந்தவர் சர்க்காருக்குச் சொல்லிவிட்டுப் போனார். சர்க்கார் எவ்வளவு கேட்டது என்பது வேறு கதை.

அடுப்பைத் திருத்தும் முயற்சிகள் ஒரு பக்கம் நடந்தன. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1953இல் புகையில்லா அடுப்பு பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். நம்ம சென்னையில்தான் அச்சானது. களிமண் அடுப்பு, ஒன்றுக்கு மேல் பாத்திரம், சுவர் வழியாகப் புகைபோக்கி. 1983 முதல் 2002 வரை மத்திய அரசே தேசியத் திட்டமாகப் புகையில்லா அடுப்புகளைக் கொடுத்தது. கொடுத்த எண்ணிக்கை கோடிகளில் இருந்தது. ஆனால் குழாயில் கரி அடைத்தால் யார் இறக்கித் தட்டுவது, அடுப்பு வாய்க்கு ஏற்ற மாதிரி விறகை யார் சின்னதாகப் பிளப்பது என்று யோசித்தவர்கள் குறைவு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

சாண எரிவாயுதான் உண்மையிலேயே சுவாரசியமான விஷயம். 1897இலேயே பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவில் இருந்து வாயு எடுத்திருக்கிறார்கள். 1939 வாக்கில் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணியில் சோதனை தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் பட்டேல் கிராமலட்சுமி என்று பெயர் வைத்து ஒரு கலனை வடிவமைத்தார், அடுத்த பத்தாண்டில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைக் கையில் எடுத்தது. மேலே இரும்புத் தொட்டி மிதக்கும் மாடல் அது. இரும்பு விலை ஏறியது, துருவும் பிடித்தது. 1978இல் செங்கல் குவிமாடம் வைத்த ஜனதா மாடலும், 1984இல் இன்னும் மலிவான தீனபந்து மாடலும் வந்தன. நடுவில் 1981-82இல் தேசிய உயிர்வாயுத் திட்டம் தொடங்கியது. அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் கூட இல்லை, தென்னாற்காட்டில் சேர்த்தி, 1993இல்தான் பிரிந்தது.

வோல்க்கர் சொன்ன சிக்கலை இந்தக் கலன் அழகாக அவிழ்த்துவிடுகிறது. வறட்டி தட்டினால் உரம் போச்சு. கலனில் கரைத்தால் எரிகிறது மீத்தேன் மட்டும். சாணியில் இருந்த தழைச்சத்து கரைசலோடு வெளியே வந்து வயலுக்குப் போகும். இன்னொரு குணமும் இருக்கு. இந்த வாயுவை லாரியில் ஏற்ற முடியாது. அழுத்தம் குறைவு, அடைத்து வைக்கவும் தோதுப்படாது. பிறந்த வீட்டிலேயே எரிந்தாக வேண்டும். பட்டணத்தால் கொண்டுபோக முடியாத முதல் நல்ல எரிபொருள் என்று நான் இதைச் சொல்வேன்.

அப்படியென்றால் ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சாணியில் சுமார் 40 லிட்டர் வாயு. ஆறேழு பேர் இருக்கிற வீட்டுக்கு 2 கன மீட்டர் கலன் வேண்டும், அதாவது தினமும் 50 கிலோ சாணி. கொட்டிலில் கட்டிப்போட்ட மாடு ஒன்றுக்கு 10 முதல் 12 கிலோ என்று வைத்தால் நாலைந்து மாடு. மேயப் போகிற மாடென்றால் பாதிச் சாணி காட்டிலேயே விழுந்துவிடும். சாணிக்குச் சரிசமமாகத் தண்ணீர், அதுவும் 50 லிட்டர். கோடையில் அந்த நாலு குடத்தை யார் தூக்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உழவு மாடு இருந்த இடத்தில் டிராக்டர் வந்த பிறகு, நாலைந்து மாடு கட்டுகிற வீடுகளும் குறைந்தன. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கறவைப் பசு கொடுத்தது. ஒரு பசுவின் சாணி, 1 கன மீட்டர் கலனுக்கு வேண்டியதில் பாதிதான்.

ஆக, மாடும் நிலமும் உள்ளவர்களுக்குத்தான் கலன். அவர்கள் கலன் கட்டினால், அதுவரை தெருவில் சும்மா கிடைத்த சாணிக்கும் விலை வந்துவிடும், வறட்டி தட்டிப் பிழைத்தவர்களுக்குத்தான் அடி. பொதுவாக ஊருக்கே ஒன்று கட்டலாமே என்று கர்நாடகத்தில் பூரா கிராமத்தில் அமுல்யா ரெட்டியும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் முயன்றார்கள். எல்லா வீட்டுச் சமையலுக்கும் சாணி போதவில்லை. பிறகு அதே வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டி, குடிநீருக்கும் விளக்குக்கும் மின்சாரம் எடுத்தார்கள். அது நன்றாக நடந்தது. சமையல் மட்டும் பழைய அடுப்பிலேயே நின்றது.

2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு, 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. சிலிண்டர் வீட்டுக்குள் வந்தது. இந்த இடத்தில் விழுப்புரம் மாவட்டம் உலக ஆராய்ச்சிக்குள்ளும் வருகிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு நாடுகளில் 2018இல் தொடங்கிய ஹாப்பின் என்ற ஆய்வு. இந்தியாவில் அதை நடத்தியது சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம். எடுத்த இடங்கள் நாகப்பட்டினமும், அன்றைக்கு விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியும். விறகு எரிக்கும் கர்ப்பிணிகள் மொத்தம் 3,200 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும். மற்றவர்கள் வழக்கம்போல.

2022இல் முடிவு வந்தது. பெண்கள் சுவாசித்த நுண்துகள், கன மீட்டருக்கு சுமார் 71 மைக்ரோகிராம் இருந்த இடத்தில், எரிவாயு கிடைத்தவர்களுக்கு 24 ஆனது. பெரிய இறக்கம். ஆனால் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம், மற்ற பிரிவில் 2,898. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. 'எரிவாயு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை'ன்னு இதைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தையின் எடை கூடினால்தான் தாய் புகையில் இருந்து வெளியே வரலாம் என்று யார் விதி வைத்தது? அவளுடைய நெஞ்சும் கண்ணும் முதுகும் அதே கணக்கில் ஏன் வரக்கூடாது? சுவாசித்த புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதே ஒரு முடிவுதான். அதோடு, எரிவாயு தடையில்லாமல், சும்மா கிடைத்தபோது அந்தப் பெண்கள் விறகடுப்பை அநேகமாக மூடியே வைத்தார்கள் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. 'கிராமத்தில் விறகுச் சாப்பாட்டு ருசியை விடமாட்டார்கள்' என்கிற பேச்சுக்கு இது பதில்.

இலவசம் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. எங்க அத்தை வீட்டில் சிலிண்டர் உள்ளே, விறகடுப்பு தோட்டத்தில். "கேஸ் இருக்கே அத்தை, அப்புறம் எதுக்கு இது?"ன்னு கேட்டேன். "சுடுதண்ணி வெக்கவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் சிலிண்டரை எரிக்கச் சொல்றியாப்பா?"ன்னாங்க. அந்த வீட்டில் மாடு இரண்டு. 25 கிலோ சாணி கிடைத்தால் 1 கன மீட்டர் கலன் ஓடும். 1 கன மீட்டர் வாயு 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம், அதாவது ஒரு 14.2 கிலோ சிலிண்டர் 33 நாளில். கணக்குச் சரியாக வருகிறது. கட்டும் செலவும், தினமும் கரைத்து ஊற்றுகிற வேலையும்தான் இடிக்கிறது. வேலைக்கு ஆள் அத்தைதான்.

கடைசியாக ஒரு தகவல். 2018 அக்டோபரில் மத்திய அரசு சதத் என்று ஒரு திட்டம் தொடங்கியது. சாணி, ஆலைக்கழிவு, பயிர்த்தாள் எல்லாவற்றில் இருந்தும் வாயு எடுத்து, சுத்தம் செய்து, அழுத்தி, வண்டிகளுக்கு எரிபொருளாக எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல வேலைதான், கழிவு வீணாகாது. லாரியில் ஏற்ற முடியாது என்று மேலே எழுதினேனே, அந்த வாயு இனிமேல் லாரியிலும் ஏறும், லாரியையும் ஓட்டும். இரண்டு மாட்டுச் சாணியைக் கிலோ கணக்கில் விற்கிற வீட்டுக்கு அதில் எவ்வளவு வரும், அந்தக் காசில் சிலிண்டர் வாங்க முடியுமா என்று கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறேன்.