சேம்பு: மும்பை நிழலின் பயிர்

அகன்ற இலையும் நிலத்தடிக் கிழங்கும் கொண்ட பல்லாண்டுச் செடி சேம்பு. மராத்தியில் அளு. ஈரமும் அரைநிழலும் கிடைத்தால், விட்டுவைத்த கிழங்கிலிருந்து மழைதோறும் மீண்டும் தழைக்கும்.

பப்புவா நியூ கினியின் கூக் சதுப்பு நிலத்தில் கிடைத்த கற்கருவிகளில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான சேம்பு மாவுத்துகள்கள் ஒட்டியிருந்தன. அகநானூற்றில் காட்டுப்பன்றி சேப்பங்கிழங்கைத் தின்னும் காட்சி உண்டு. 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் இட்டார்; 1832இல் தாவரவியலாளர் ஷாட் இதைக் கொலகேசியா பேரினத்துக்கு மாற்றினார்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. கொங்கண வீடுகளில் கிணற்றடியிலும், பாத்திரம் துலக்கிய நீர் ஓடும் கொல்லையிலும் அளு நடுவது பழைய வழக்கம். வெயில் எட்டாத, வேறெதுவும் விளையாத மூலையிலிருந்து கறி கிடைத்தது. நகரத் தோட்டக்கலைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கருந்தண்டு அளுவின் இலையில் புளி, வெல்லம் கலந்த கடலைமாவைப் பூசிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து அளுவடி செய்வார்கள். குஜராத்தியருக்கு அதுவே பாத்ரா. வெளிர்பச்சைத் தண்டுள்ளது நிலக்கடலையும் கடலைப்பருப்பும் சேர்ந்த கல்யாணக் குழம்புக்கு. இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களே தொண்டை அரிப்புக்குக் காரணம். நன்றாக வேகவைக்காமல் உண்ணக் கூடாது. புளி சேர்ப்பதும் அரிப்பைத் தணிக்கத்தான்.

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர் சமையலில் பெரிதும் புழங்குவது கிழங்கு: வறுவலும் மோர்க்குழம்பும். ஒரே செடியின் இலையை மராத்தியரும் கிழங்கைத் தமிழரும் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

மும்பையில் அளு கொல்லையோடு நிற்கவில்லை. ரயில்வே, அதிக உணவு விளைவிக்கும் திட்டத்தின்கீழ், தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தைத் தன் ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அங்கே பாலக்கீரையும் வெண்டையும் அளுவும் விளைந்தன. நகருக்குள்ளேயே மலிவான கீரை கிடைத்தது பெரிய நன்மை. ஆனால் பாய்ந்தது பல இடங்களில் சாக்கடை நீர். ஈரத்தை உறிஞ்சும் இச்செடி அந்நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சக்கூடும். கழுவினால் அவை போவதில்லை. குற்றம் செடியுடையதும் அன்று, வேறு நீர் கிடைக்காத உழவருடையதும் அன்று.

குடியிருப்புச் சங்கங்கள் சுவரோர நிழலை வெற்றுச் சிமெண்டாக விடாமல், மழைக்கு முன் நாலு கிழங்கை ஊன்றலாம். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அந்தப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். சாக்கடை நீரை மட்டும் அண்ட விடாதீர்கள்.